பரணில் இருந்து கொட்டிய தெள்ளு

இந்த வாரம் பூனைகளைச் சீவியபோது சீப்பில் முடி மட்டும்தான் வந்தது. பூச்சி விழுவதற்காக இரவில் வைத்த விளக்குத் தட்டிலும் இரண்டு அந்துப்பூச்சிகளைத் தவிர எதுவும் இல்லை. ஆடியில் தலைகாட்டிய தெள்ளுப்பூச்சித் தொல்லை தீபாவளி நெருங்கும்போதுதான் ஒழிந்திருக்கிறது. எது பலித்தது, எது வீணானது, எவ்வளவு செலவானது என்பதெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவைத்துவிடுகிறேன்.

முதலில் வீடு, ஏனென்றால் பாதிப் பிரச்சினை வீட்டில்தான் இருந்தது. கோவைக்கு மேற்கே, பேரூரைத் தாண்டி ஒரு பழைய ஓட்டு வீடு. ஆசாரத்தில், அதாவது கூடத்தில், சிவப்பு ஆக்சைடு தரை. பார்க்க அழகு, ஆனால் ஓரங்களில் விரல்நகம் நுழையும் அளவுக்கு விரிசல்கள். ஆசாரத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நடை. அதற்கு மேலே பலகை அடித்த பரண். பரணுக்கு நேர் கீழே பழைய நெல் பத்தாயம், இப்போது அதில் தட்டுமுட்டுச் சாமான்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் வரும் காற்று வீட்டைச் சில்லென்று ஈரமாகவே வைத்திருக்கும். நமக்குச் சுகமான அந்தக் காற்று தெள்ளின் புழுக்களுக்கும் சுகம். காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே போனால் அவை காய்ந்து சாகும். பருவமழைக் காலத்தில் எங்கள் வீடு அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே இல்லை.

பூனைகள் மூன்று: தாய் கருப்பி, அவள் மக்கள் செவலையும் மணியும். இவற்றைத் தவிர, இரவில் புழக்கடைக் கதவின் இடுக்கு வழியாக வந்து மீன் தலையைத் தின்றுவிட்டுப் போகும் ஒரு கடுவன். அவனை எங்கள் பூனை என்று நான் கணக்கில் சேர்த்ததில்லை.

கருப்பி இடைவிடாமல் சொறிந்தாள். வாலடியில் முடி கொட்டித் தோல் தெரிந்தது. எங்கள் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புத் தடிப்புகள், அதுவும் வரிசையாக. அத்தை கொசு என்றார். முழங்காலுக்கு மேலே ஒன்றுகூட இல்லாததால் எனக்குச் சந்தேகம் வந்தது. கருப்பியை வெள்ளைத் துணியில் நிறுத்தி முதுகைத் தேய்த்ததும் கருப்புப் பொடி உதிர்ந்தது. அதை ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்தேன். சில நொடிகளில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம் பரவியது. மண் என்றால் நிறம் இப்படிக் கரையாது. பூனையின் ரத்தத்தைக் குடித்துத் தெள்ளு போட்ட எச்சம் அது. ஒரு பூச்சியைக்கூடக் கண்ணால் பார்க்காமல் தெள்ளு இருப்பதை உறுதி செய்ய இதைவிட மலிவான சோதனை கிடையாது.

ஆனாலும் கால்நடை மருந்துக் கடைக்குப் போனபோது நான் "பூனைக்குப் பூச்சி" என்று மொட்டையாகச் சொன்னேன். கடைக்காரர் உண்ணி என்று புரிந்துகொண்டு, மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் டெல்டாமெத்ரின் பாட்டிலை எடுத்து வைத்தார். "பூனை சின்னதுதானே அக்கா, ஒரு மூடி கலந்து குளிப்பாட்டுங்கள், போதும்" என்றார். வீட்டுக்கு வந்து, பாட்டிலோடு வந்த சீட்டில் இருந்த பொடி எழுத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். நல்லவேளை, பாட்டிலைத் திறக்கவில்லை. டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் என்று ‘மெத்ரின்’ குடும்பத்தில் வரும் மருந்துகளைப் பூனையின் கல்லீரலால் நாயைப்போல விரைவாகச் சிதைக்க முடியாது. நடுக்கம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நாயின் கழுத்தில் விடும் சில சொட்டு மருந்துகளிலும் பெர்மெத்ரின் உண்டு. அதைப் "பாதி அளவு பூனைக்கு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்னொன்று: உண்ணி தோலைக் கவ்விக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், முடிக்குள் ஓடும், விரல் பட்டால் குதிக்கும். கடையில் இதைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரரின் கையும் சரியான அலமாரிக்குப் போகும்.

அத்தையின் வைத்தியம் அடுத்து. சாம்பிராணியோடு வேப்பிலையைப் போட்டு வீடு முழுக்கப் புகை காட்டினார். கொசு போனது, எங்கள் கண்ணும் எரிந்தது. விரிசலுக்குள் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீலகிரித் தைலத்தைப் பூனையின் முதுகில் தடவலாம் என்றபோது மட்டும் நான் பிடிவாதமாக மறுத்தேன். பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கியே தீரும், அந்தத் தைலம் அதற்கு விஷம். கற்பூர எண்ணெயும் அப்படித்தான். சமாதானமாக, யாரோ சொன்னபடி தரை ஓரங்களில் தூள் உப்பு தூவினோம். உப்பு ஈரத்தை உறிஞ்சி தெள்ளை உலர்த்திவிடும் என்பது கணக்கு. ஆடிக் காற்றில் அது எங்கள் வீட்டு ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, காலையில் தரையெங்கும் உப்புநீராகக் கசிந்து கிடந்தது. இரண்டு முறை துடைத்தும் வெள்ளைத் தடம் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வேறு பயம். "தெள்ளு வந்தால் பிளேக் வந்துவிடுமா கண்ணு?" என்று கேட்டார். கோவையில் இது அசட்டுக் கேள்வி அல்ல. பிளேக் மாரியம்மனுக்கு இன்றும் கோயில் இருக்கும் ஊர் இது. பிளேக்கைப் பெரும்பாலும் பரப்பியது எலித்தெள்ளு என்றும் எங்கள் வீட்டில் இருப்பது பூனைத்தெள்ளு என்றும் சொன்னேன். பாட்டி முழுதாக நம்பவில்லை. எங்கள் திண்ணைக்கு வருவதைச் சில நாள் நிறுத்திக்கொண்டார்.

பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் தந்தது பூனைக்கென்றே வரும் சொட்டு மருந்து: ஃபிப்ரோனிலோடு எஸ்-மெத்தோபிரீன் கலந்தது, அரை மில்லி குழாய். முதலாவது பூச்சியைக் கொல்லும், இரண்டாவது முட்டைகளைப் பொரியவிடாது. பூனையின் எடையைக் கேட்டார். குளியலறை எடைக்கருவியில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறி நின்று கழித்துப் பார்த்தேன்: கருப்பி 3.1 கிலோ, செவலை 3.8, மணி 2.6. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு இந்தச் சொட்டு கூடாது, சீப்பு மட்டும்தான் என்றார். நல்லவேளையாக எங்கள் குட்டிகள் அந்த வயதைத் தாண்டியிருந்தன.

சொட்டு விடும் இடம் முக்கியம். தோள்பட்டைகளுக்கு நடுவே, கழுத்தின் அடியில், நாக்கு எட்டாத இடம். முடியை இரண்டாக வகிர்ந்து, வெள்ளைத் தோல் தெரிந்த பிறகு குழாயின் நுனியைத் தோலில் வைத்து அழுத்த வேண்டும். முடிமேல் விட்டால் மருந்து முடியிலேயே நின்றுவிடும். கருப்பியைத் துண்டில் சுற்றி அத்தை மடியில் பிடித்துக்கொண்டார். செவலைக்கு உணவுத் தட்டே போதும். அவன் தின்னும்போது உலகம் அழிந்தாலும் திரும்ப மாட்டான்.

முதல் மாத மருந்து பாதி வீணானது. சொட்டு விடுவதற்குச் சற்று முன்புதான் மூன்றையும் குளிப்பாட்டியிருந்தேன். இந்த மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்துதான் உடம்பு முழுக்கப் பரவுகிறது. குளிப்பாட்டினால் அந்தப் பசை போய்விடும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது என்று சீட்டிலேயே இருக்கிறது. குளிப்பாட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு உத்தி உண்டு. உடம்பை நனைக்கும் முன் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் எல்லாத் தெள்ளும் முகத்துக்கு ஓடிக் கண்ணோரத்திலும் காதிலும் ஒளிந்துகொள்ளும். மணியின் முகத்தில் இதைப் பார்த்தேன், திரும்பப் பார்க்க ஆசையில்லை.

சீப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதருக்கான பிளாஸ்டிக் பேன்சீப்பின் பற்கள் வளைந்து தெள்ளு நழுவிவிடுகிறது. எஃகுப் பற்கள் உள்ள பேன்சீப்பு 180 ரூபாய். அது போதும், செல்லப்பிராணிக் கடையில் தனியாகத் தேட வேண்டாம். பக்கத்தில் ஒரு குவளையில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த தண்ணீர். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை அதில் முக்க வேண்டும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து, தாவி வெளியேறிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கும். நகத்தால் நசுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: அதன் ஓடு கெட்டி, பாதி நேரம் நசுங்காது.

மருந்து போட்டு, சீவி, போர்வைகளையெல்லாம் கொதிநீரில் அலசிக் காயவைத்த பின்னும் நடையில் நடந்தால் காலில் தெள்ளு ஏறியது. மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். மருத்துவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. நாம் பூனைமேல் பார்க்கும் வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் சிறு பங்குதான். பெட்டைத் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முட்டைகூட இடும். முட்டை வழவழப்பானது, முடியில் ஒட்டாது. பூனை படுக்கும் இடத்தில், குதிக்கும் இடத்தில் எல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்குக்குள் போய், மேலிருந்து உதிரும் அந்தக் கருப்பு எச்சத்தைத் தின்றே வளரும். பிறகு கூடு கட்டும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் சரியாகத் தொடாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே குதிக்கும். ஆகவே பூனைக்கு மருந்து போட்ட பிறகும் சில வாரம் தெள்ளு வந்துகொண்டுதான் இருக்கும். வந்தவை மருந்து போட்ட பூனைமேல் ஏறிச் சாக வேண்டும். அதுவரை அவசரப்பட்டு இன்னொரு மருந்தை மேலே ஊற்றக் கூடாது.

அப்படியானால் கூடுகள் எங்கே? இதைக் கண்டுபிடிக்கத்தான் விளக்குத் தட்டு. பொங்கல் தாம்பாளத்தில் ஒரு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர், அதில் சில சொட்டு சோப்புத் திரவம். அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் முக்காலியில் இருந்து தொங்கும் பழைய குண்டு பல்பு, ஜீரோ வாட் மஞ்சள். எல்.இ.டி. பல்பும் வைத்துப் பார்த்தேன், எங்கள் வீட்டில் அதற்கு மிகக் குறைவாகவே விழுந்தது; சூடு இல்லாதது காரணமாக இருக்கலாம். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பூனைகளைச் சமையலறையில் அடைத்து, தட்டை ஓர் இரவு ஓர் இடம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். இது தெள்ளைத் தீர்த்துக்கட்டும் கருவி அல்ல. விழுவதெல்லாம் வளர்ந்த பூச்சி மட்டும்தான். எங்கே எத்தனை என்று சொல்லும் அளவுகோலாகத்தான் இதைப் பயன்படுத்தினேன்.

ஆசாரத்தில் ஒற்றை இலக்கம். பூனைகள் பகலெல்லாம் கிடக்கும் திண்ணையில் அதைவிடக் குறைவு, அங்கே வெயில் விழும். விறகுக் கொட்டகையில் ஓரளவு. நடையில், பத்தாயத்துக்கு முன்னால் வைத்த இரவில் மட்டும் காலையில் எண்ணியபோது நாற்பதைத் தாண்டியது. பூனைகள் ஒருபோதும் படுக்காத இடம் அது. பத்தாயத்தை நகர்த்திப் பார்த்தோம், பின்னால் எலிப் பொந்துகூட இல்லை. இண்டு இடுக்கைக் கூட்டினோம், கழுவினோம், மறுபடி தட்டு வைத்தோம். மறுபடியும் அங்கேதான்.

பத்தாயத்தின் மூடிமேல் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிட்டேன், மேலே இருந்து ஏதாவது விழுகிறதா என்று பார்க்க. மறுநாள் காலை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது துணியில் கருப்புப் பொடியும், அதனிடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளை முட்டைகளும். தூசி என்றால் எங்கும் ஒரே மாதிரி படர்ந்திருக்கும். இது நீள நீளக் கோடுகளாக விழுந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் பரண் பலகைகளின் இடைவெளி அதே கோடுகள்.

ஏணி போட்டு ஏறினேன். பரணின் மூலையில் அத்தையின் கல்யாண மெத்தை, இலவம்பஞ்சு. அதன் நடுவே குழி விழுந்து முடி அப்பிக் கிடந்தது. கருப்பி இரவில் எங்கே போகிறாள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. முடியின் நிறத்தைப் பார்த்தால் கடுவனும் அங்கே பங்காளி. மெத்தையின் தையல் ஓரத்தை விலக்கியதும் நூல் துணுக்கு அளவில், வயிற்றில் கருப்புக் கோடு தெரியும் வெள்ளைப் புழுக்கள் நெளிந்து, டார்ச் வெளிச்சத்தைவிட்டுப் பஞ்சுக்குள் போயின. நான் எழுந்து நின்றபோது வளர்ந்த தெள்ளுகள் முழங்கால்வரை ஏறியிருந்தன.

மெத்தையைக் கொளுத்திவிடலாம் என்றேன். அத்தை சம்மதிக்கவில்லை. அது அவர் அப்பா அவருக்குத் தைத்துக் கொடுத்தது. கடைசியில் ஒரு பேரம்: உறை போகட்டும், பஞ்சு இருக்கட்டும். பெரிய பாலிதீன் உறையில் மெத்தையைக் கட்டித்தான் கீழே இறக்கினோம். கட்டாமல் இறக்கியிருந்தால் வீடெல்லாம் முட்டையைத் தூவியதாகியிருக்கும். திறந்த வெளியில் உறையைக் கிழித்து எரித்தோம். பஞ்சைக் கொசுவலைக்குள் கொட்டி வெயிலில் பரப்பினோம். இலவம்பஞ்சு காற்றுக்குப் பறக்கும் என்பது நினைவில் இருந்ததால்தான் கொசுவலை. அப்படியும் தென்னை மரங்களெல்லாம் நரைத்தன. மழை விட்டு வெயில் தொடர்ந்து அடிக்கும்வரை காத்திருந்து, கிளறிக் கிளறிக் காயவைத்து, மெத்தைக்காரரைக் கூப்பிட்டுப் புது உறையில் அடைத்துத் தைத்தோம். கூலி 900, துணி 650.

பரணையும் நடையையும் சுத்தம் செய்ய, ஈரமும் உலர்வும் இரண்டையும் இழுக்கும் வேக்கூம் கிளீனர் ஒன்று 4,200 ரூபாய்க்கு வாங்கினோம். ஈரத்துக்கான ஸ்பஞ்சு வடிகட்டியை மாட்டி, தொட்டியில் ஓர் அங்குலம் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டினால், உள்ளே போனது மூழ்கிவிடும். பையைத் திறக்கும்போது திரும்பி வரும் பயம் இல்லை. குறுகிய மூக்கை மாட்டிப் பலகை இடுக்குகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். இழுத்த மறுநாள் தட்டில் எண்ணிக்கை கூடியது. பயப்பட வேண்டாம், அதிர்வு கூட்டில் இருந்தவற்றை எழுப்பிவிடுகிறது. எழுப்புவது நல்லதுதான். அடுத்தடுத்து சில நாள்கள் விடாமல் இழுக்க வேண்டும்.

கடைசியாக ஆசாரத்து விரிசல்கள். தென்னை ஈர்க்கால் மண்ணைக் கிளறி, வேக்கூமால் இழுத்து, கொதிநீர் ஊற்றி, நன்றாக உலரவிட்டு அடைத்தேன். முதல் கலவையில் நிறம் ஒத்துவர வேண்டும் என்று சிவப்பு ஆக்சைடை அள்ளிப் போட்டதில், காய்ந்த பிறகு பொடியாக உதிர்ந்து பாதமெல்லாம் சிவந்தது. சிமெண்ட் பத்துக்கு ஆக்சைடு ஒன்று, எடைக் கணக்கில். அதற்கு மேல் போனால் பிடிமானம் போய்விடுகிறது. சாதாரண சிமெண்ட் என்றால் கருஞ்சிவப்பு, வெள்ளை சிமெண்ட் என்றால் வெளிறிய சிவப்பு. எங்கள் தரைக்கு இரண்டையும் சமமாகக் கலந்தது பொருந்தியது. பூசிய பிறகு சில நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பொருள் செலவு 160 ரூபாய். விறகுக் கொட்டகையின் மூலையில் நிழலில் கிடந்த மணலை வெயிலுக்குத் தள்ளிப் பரப்பியதோடு அங்கே வேலை முடிந்தது.

இதற்கிடையே மணியின் வாலடியில் அரிசி மணி அளவில் ஏதோ நெளிந்தது. நாடாப்புழுத் துண்டு. உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்கும் பூனைக்கு இது வரும். மருத்துவர் எடைக்கேற்பப் பிராசிகுவான்டெல் மாத்திரை கொடுத்தார், மூன்றுக்கும் சேர்த்து 90 ரூபாய். கருவாட்டுத் தூளில் புரட்டிக் கொடுத்தால் செவலை விழுங்குவான். கருப்பி கருவாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையை என் காலடியில் துப்புவாள்.

சொட்டு மருந்து குழாய் ஒன்று 380 ரூபாய், மூன்று பூனைக்கு மூன்று மாதத்துக்கு 3,420. எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய் ஆனது, மருத்துவர் கட்டணம் தனி. வேக்கூம் கிளீனரை விட்டுவிட்டால் 5,400. இன்னொரு முறை வந்தால் விளக்குத் தட்டைத்தான் முதலில் வைப்பேன், மருந்துக் கடைக்கு அப்புறம் போவேன். சொறியும் பூனைக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சொட்டு விடுவேன். சில பூனைகள் தெள்ளைச் சுமந்துகொண்டே சொறியாமல் இருக்கும், செவலை அப்படித்தான். பரண் பலகைகளுக்குக் கீழே ஒரு தகடு அடிக்கலாம் என்று யோசனை இருக்கிறது. தச்சர் 2,000 கேட்கிறார், அத்தை அதிகம் என்கிறார்.

கடுவன்தான் பாக்கி. தொடவிட மாட்டான், பிடித்தால் கையைக் கிழிப்பான். புழக்கடைக் கதவின் இடுக்கில் ரப்பர் பட்டை அடித்தாகிவிட்டது. மீன் தலையை இப்போது வெளியே, வெயில் படும் துவைக்கும் கல்லின்மேல் வைக்கிறோம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டைப் பூனைக்கூண்டுப் பக்கம் நகர்த்துகிறேன். நேற்று முன்னங்கால்கள் இரண்டும் கூண்டுக்குள் இருந்தன.